நான் உழுந்து கொட்டிய கல்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் எழுத்தில் ஒன்று மேலே ஏறும், ஒன்று கீழே இறங்கும். மறதியும் இருக்கிறது. வியாழக்கிழமை நடந்ததை வெள்ளிக்கிழமை என்று எழுதிவிட்டுப் பிறகு வெட்டுவேன். வெட்டின இடங்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

பேச்சும் அவ்வளவுதான். பாரிசில் லா சப்பலுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கே ரூ பெர்தொனே என்கிற தெருவில் இருக்கிற கடைக்காரர்களுக்கு என் முகம் தெரியும், குரல் தெரியாது. வேண்டிய சாமானை விரலால் காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அப்படிப்பட்ட நான் இங்கிலாந்தில் ஒரு கிராமத்துக் கோயிலின் தொலைந்துபோன ஞானஸ்நானத் தொட்டியைக் கண்டுபிடித்தேன் என்றால் யார் நம்புவார்கள்? என் தங்கையே முதலில் நம்பவில்லை. இதை எழுதும்போதே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சந்தோசப் பதற்றம். ஒரு வரி எழுதுவதும் எழும்பி நடப்பதுமாக இருக்கிறேன்.

நாங்கள் வேதக்காரர். சேர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். பாரிசில் ஒரு கோயிலை இருபது வருடத்துக்கு மேல் துடைத்தேன். நிலம், சனம் இருக்கிற வாங்குகள், மெழுகு வடிந்த மேசைகள் எல்லாம் என் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நிலம் துடைத்த அழுக்குத் தண்ணீரை ஞானஸ்நானத் தொட்டியின் ஓட்டைக்குள் ஊற்றிவிட்டேன். கோயிலைப் பார்த்துக்கொண்ட பிரெஞ்சு மனுசி கையைத் தலையில் வைத்துக் கத்திக்கொண்டு ஓடிவந்தா. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு எங்கள் ஆள் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது: அந்த ஓட்டை சாக்கடைக்குப் போகிற ஓட்டை இல்லையாம். நேரே நிலத்துக்குள், மண்ணுக்குப் போகிறதாம். மந்திரித்த தண்ணீர் சாக்கடையில் கலக்கக் கூடாதாம். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் விரலில் துணியைச் சுற்றி அந்த ஓட்டையை நானே துடைப்பேன். சுற்றிவர ஈயம். பெருவிரல் போகிற அளவு.

இனி விசயத்துக்கு வருகிறேன். என் தங்கையின் மகள், எங்கள் பேச்சில் என் பெறாமகள், பாரிசுக்குப் பக்கத்துக் கார்ஜ் லே கொனெஸில் வளர்ந்தவள். இங்கிலாந்தில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெடியனைக் கட்டிக்கொண்டு அங்கே போனாள். இரண்டு பேரும் ஒரு கிராமத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்கள். அதற்குள்ளேயே தபால் கந்தோரும் இருக்கிறது. ஊரில் வேறு கடை இல்லை. கடைக்கு மேல் வீடு, கடைக்குப் பின்னால் முற்றம் மாதிரி ஒரு வளவு. அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருமகன் ஆட்கள் அங்கிலிக்கன் சபை, கிராமத்துக் கோயிலும் அதே சபை. அதனால் ஊர்க் கோயிலிலேயே ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று. ஞானத்தாயாக என்னைக் கேட்டாள்.

"நல்லாக் கதைக்கத் தெரிஞ்ச ஆரையும் கேள் பிள்ளை" என்றேன்.

"மே நொன், அப்பிடி இல்லை பெரியம்மா! ஞானத்தாய்க்கு வாய் என்னத்துக்கு? பிள்ளையைத் தூக்கக் கை இருந்தால் காணும்."

சரி என்றேன். கார் து நோர் றெயில் நிலையம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அங்கே ஒரு செவ்வாய்க்கிழமை லண்டன் றெயில் ஏறினேன். பெட்டிக்குள் ஒரு சேலை, குழந்தைக்குத் தைத்த வெள்ளைச் சட்டை, மூன்று கிலோ உழுந்து. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிற ஊராருக்கெல்லாம் வடை கொடுப்பதென்பது என் யோசனை.

புதன்கிழமை பெறாமகள் என்னைக் கோயில் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்கு எதிரே, தெருவைக் கடந்தால் கோயில். கட்டைக் கோபுரம், கருங்கல்லும் வெள்ளைக் கல்லும் கலந்த சுவர், குனிந்து போகிற கதவு. உள்ளே குளிர். வாசலில் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளில் கோயிலின் சரித்திரம் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பெறாமகள் எனக்கு வாசித்துச் சொன்னாள். கோயில் பல நூறு வருடம் பழையது. ஒருகாலத்தில் நாட்டுக்குள் சண்டை வந்தபோது, சாமான்களைக் கும்பிடுவது பாவம் என்று சொன்னவர்கள் உள்ளே புகுந்து கண்ணாடிகளை உடைத்தார்கள், ஞானஸ்நானத் தொட்டியை வெளியே உருட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துத்தான் ஞானஸ்நானம். பிறகு ஒரு பணக்காரப் பெண், பிறந்து சில நாளில் இறந்த தன் குழந்தையின் நினைவாக இப்போதிருக்கிற வெள்ளைத் தொட்டியைச் செய்து கொடுத்தாள். கடைசி வரியில், பழைய தொட்டி என்னவானது என்று தெரியாது என்று இருந்தது.

வெள்ளைத் தொட்டி எட்டு மூலையும் மெல்லிய தூண்களுமாக நல்ல வடிவு. ஆனால் நான் கீழேதான் பார்த்தேன். பழக்கதோசம். அது ஒரு வட்டமான கல் மேடையில் நின்றது. மேடையின் வெளி ஓரம் கால்பட்டுக் கால்பட்டு மினுங்கியது. உள்ளே போகப் போகக் கல் சொரசொரவென்று இருந்தது. அந்தச் சொரசொரப்பு வெள்ளைத் தொட்டியின் அடியைவிட அகலமான ஒரு வட்டம். காலாகாலமாகப் பெரிய சாமான் ஒன்று நின்ற இடத்தில் இப்போது சின்னச் சாமான் நிற்கிறது. வீடுகளில் அலுமாரியைத் தள்ளித் துடைக்கிற எவளுக்கும் இது தெரியும். யாருக்கும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை, முன்கூட்டிச் சுட்டுப் பார்க்கவென்று ஊறப்போட்ட கொஞ்ச உழுந்து ஊறிவிட்டது. பெறாமகளின் அரைக்கிற மெசின் சின்னப் போத்தல் மாதிரி; பழச்சாறு அடிக்கச் சரி. இரண்டு முறை சுற்றியதும் புகை வந்தது. மணம் கடைவரை போய்விட்டது.

நான் கையைப் பிசைந்துகொண்டு வளவுக்குப் போனேன். மூலையில், பூச்செடிகளுக்கு நடுவே, நிலத்தோடு நிலமாக ஒரு வட்டக் கல் தெரிந்தது. விளிம்பு மட்டும் நாலு விரல் வெளியே. நடுவில் குழி, குழிக்குள் மண்ணும் காய்ந்துபோன ஒரு செடியும். ஆட்டுக்கல்! இங்கிலாந்தில் ஆட்டுக்கல்! வீட்டு ஆட்டுக்கல்லைவிட நாலு மடங்கு பெரிசு, கலியாண வீட்டுக்கு அரைக்கிற அளவு. இவர்களுக்கு முன்னால் இந்த வீட்டில் எங்கள் ஆட்கள் யாரோ இருந்திருக்கிறார்கள், போகும்போது தூக்க முடியாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மண்ணை அள்ளினேன். பாத்திரம் தேய்க்கிற கம்பித் தும்பால் தேய் தேய் என்று தேய்த்தேன், அடியில் இறுகிக் கிடந்த மண்ணைக் கல்லென்றே நினைத்துக்கொண்டு. பிறகு குழவியைத் தேடினேன். செடிக்குள், வேலிக்குள், தகரத்துக்குக் கீழ் என்று அரை மணித்தியாலம்.

பெறாமகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "பெரியம்மா, என்ன தேடுறியள்?"

"குழவியடி. ஆட்டுக்கல் இஞ்சை கிடக்கு, குழவியைக் காணேல்லை."

"அது பூச்சட்டி!"

"இவ்வளவு பாரத்திலை ஆரடி பூச்சட்டி செய்வான்?"

கடையின் பின் ஜன்னலால் மருமகன் தலையை நீட்டினார். "மாமி, குழவி கிடைச்சால் சொல்லுங்கோ. பக்கத்திலை அம்மியும் தாட்டிருப்பாங்கள், அதையும் தோண்டுவம்."

"பகிடி விடாதேங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு, கையடக்கமான ஒரு கூழாங்கல்லைக் கழுவி எடுத்தேன். ஊறின உழுந்தில் பாதியைக் குழிக்குள் கொட்டினேன், தண்ணீர் தெளித்தேன், சப்பாணி கட்டி உட்கார்ந்து அரைக்கத் தொடங்கினேன். நாலு சுற்று. தண்ணீரைக் காணவில்லை. திரும்பவும் ஊற்றினேன். திரும்பவும் காணவில்லை. உழுந்து நடுவில் ஒரு இடத்தில் சுழித்துக்கொண்டு இறங்கியது. அடைப்போம் என்று பெருவிரலை வைத்தேன்.

விரல் சரியாகப் போய் நின்றது. சுற்றிவர மெத்தென்று ஈயம்.

அந்த நேரத்தில் எனக்கு வந்ததை எப்படி எழுதுவது? இருபது வருடம் சனிக்கிழமை சனிக்கிழமையாகத் துடைத்த ஓட்டை அது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எனக்குத் தெரியும். "யேசுவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டு உழுந்தை இரண்டு கையாலும் அள்ளினேன். ஞானஸ்நானத் தொட்டிக்குள் வடைக்கு அரைத்திருக்கிறேன்!

ஆனாலும் சந்தேகம். விரல் பொய் சொல்லலாம், வயது போனவளின் விரல். உடனே தங்கைக்கு வீடியோ கோல் எடுத்தேன்.

"அக்கா, நான் லா சப்பலிலை கத்தரிக்காய் தெரிஞ்சுகொண்டு நிக்கிறன், பிறகு எடுங்கோ."

"கத்தரிக்காயை வைச்சிட்டு நான் துடைச்ச கோயிலுக்கு ஓடு."

"ஐயோ! ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. ஒரு ஓட்டை பாக்கவேணும்."

"என்ன ஓட்டை? உங்களுக்கு அங்கத்தைக் குளிர் மண்டைக்கு ஏறிப்போட்டுது."

வைதுகொண்டே போனாள், நல்லவள். போனில் முதலில் அவளுடைய மூக்குத் தெரிந்தது, பிறகு வானம், பிறகு கத்தரிக்காய்ப் பை, பிறகு கோயில் முகடு. குரல் இறங்கிவிட்டது. "அக்கா, உள்ளை பூசை நடக்குது. ஒரு மனிசி என்னை முறைச்சுப் பாக்குது."

"முழங்காலிலை நில். செபம் செய்யிற மாதிரிப் போனைப் பிடி."

"மூடி பாரமாக் கிடக்கு."

"ஒரு பக்கத்தாலை தள்ளு. நான் எத்தினை தரம் தள்ளினனான்."

தள்ளினாள். டொக்கென்று ஒரு சத்தம் பாரிசிலிருந்து கேட்டது, ஒருவர் இருமினார். பிறகு தெரிந்தது. ஈய வளையம், நடுவே ஓட்டை. நான் வளவில் குந்தியிருந்து இங்கே ஒரு கண், அங்கே ஒரு கண்ணாகப் பார்த்தேன். அச்சு அசல். அதோடு இந்தக் கல்லின் விளிம்பில் எதிரெதிராக இரண்டு உடைவு. உடைவுக்குள் துருப்பிடித்த இரும்பு முறிந்து நின்றது. ஏதோ மூடி பூட்டின இடம்.

மத்தியானம் சாப்பாட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கதைத்திருப்பேன் போலும், இரண்டு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பெறாமகளுக்குக் கண் விரிந்தது. மருமகன் கையை உதறினார்.

"மாமி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நாளைக்குப் பத்து மணிக்குச் சீமெந்துக் கலவை லொறி வருது. வளவுக்குச் சீமெந்து போட்டுத்தான் பெரிய ஃபிரீசர் வைக்கவேணும். போன கோடையிலை பழைய ஃபிரீசர் நிண்டு இறைச்சி எல்லாம் எறிஞ்சது உங்கட பெறாமகளைக் கேளுங்கோ."

"அப்ப கல்லை?" என்றாள் பெறாமகள்.

"உடைச்சு அடியிலை போட வேண்டியதுதான். சீமெந்துக்குப் பலம்."

"உடைக்கிறதோ!"

"இஞ்சத்தைச் சட்டம் உங்களுக்குத் தெரியாது. பழைய கல் எண்டு ஒருத்தன் வந்து படம் எடுப்பான், அடுத்தவன் வந்து சுத்திக் கயிறு கட்டுவான். பிறகு என்ரை வளவிலை நான் ஒரு ஆணியும் அடிக்கேலாது. அதோடை மாமி, காலமை நீங்களே அதை ஆட்டுக்கல் எண்டுதானே சொன்னனீங்கள்?"

சொன்னது உண்மைதான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. மருமகன் சாமான் எடுக்கப் பட்டணம் போயிருந்தார். பெறாமகள் மேலே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கீழே கடையில் பாண் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கோயில் திறப்பு, அதாவது சாவி, வைத்திருக்கிற மனுசி உள்ளே வந்தா. வெள்ளைக் கட்டைத் தலைமயிர், றப்பர் பூட்ஸ், கயிற்றில் ஒரு நாய். ஒவ்வொரு நாளும் பேப்பரும் பூனைச் சாப்பாடும் வாங்குகிறவ. எனக்குக் காலை வணக்கம் சொன்னா. நான் வழக்கம்போல நிலத்தைப் பார்த்தேன்.

நிலத்தைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன்: இன்னும் மூன்று மணித்தியாலம்.

போய் அவவின் சட்டைக் கையைப் பிடித்தேன். இந்த வயது வரைக்கும் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்தவள் இல்லை நான். என்னிடம் இருந்த இங்கிலீஸ் நாலே நாலு சொல். நாலையும் ஒன்றாகக் கொட்டினேன். "கம்! சேர்ச்! பேபி! வோட்டர்!"

மனுசியின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. குழந்தை தண்ணீருக்குள் விழுந்துவிட்டது என்று நினைத்திருக்கிறா! நாயையும் விட்டுவிட்டு எனக்கு முன்னால் வளவுக்கு ஓடினா. பூட்ஸ் வழுக்கியது. நான் பின்னால் ஓடி, கல்லைக் காட்டி, குந்தியிருந்து ஓட்டைக்குள் பெருவிரலை விட்டேன். பிறகு அவவின் விரலைப் பிடித்து அங்கே வைத்தேன்.

அவ விரலை உள்ளே ஒருதரம் சுற்றினா. பிறகு "ஓ" என்றா. விளிம்பைத் தடவிக்கொண்டு போய் ஒரு உடைவில் நின்றா. மற்றப் பக்கம் தடவி மற்ற உடைவில் நின்றா. பிறகு ஈர மண்ணில் தொப்பென்று இருந்துவிட்டா. நாய் வந்து அவவின் மடியில் ஏறியது. என்னைப் பார்த்துக் கையால் பூட்டுத் திறப்பது மாதிரிக் காட்டினா. ஓம் ஓம் என்று நான் தலையாட்டினேன். விளங்கினது பாதி.

சத்தம் கேட்டுப் பெறாமகள் பிள்ளையோடு இறங்கி வந்தாள். மனுசி அவளிடம் படபடவென்று சொன்னா, அவள் எனக்குச் சொன்னாள். முற்காலத்தில் மந்திரித்த தண்ணீரைச் சூனியத்துக்கென்று களவெடுத்துக்கொண்டு போவார்களாம். அதனால் தொட்டிக்கு மூடி போட்டு இரும்பால் பூட்டி வைப்பார்களாம். அந்த இரும்பின் மிச்சம்தான் இது. ஆனால் இப்படியான கற்களை வேறு ஊர்களிலும் தூக்கி எறிந்திருக்கிறார்கள். இது இந்த ஊர்க் கோயிலுடையதுதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறா.

"அது எனக்குத் தெரியும்" என்றேன்.

பெறாமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கடையில் பார்சல் கட்டுகிற கயிற்றை எடுத்துக் கல்லின் விளிம்புக்குக் குறுக்கே பிடித்தேன், இரண்டு பக்கமும் ஒவ்வொரு முடிச்சுப் போட்டேன். மனுசி கடைத் தட்டிலிருந்து ஒரு மண்வாரியை எடுத்து வந்து கல்லின் பக்கத்தில் முழங்கை ஆழம் தோண்டிப் பார்த்தா. பீப்பாய் மாதிரி வயிறு தள்ளாமல், டின் மாதிரி நேராக இறங்கியது. மேல் அகலம்தான் கீழ் அகலம். "சேர்ச்" என்றேன். போனோம். கடையைப் பூட்டிவிட்டு, பிள்ளையும் நாயுமாக. தபால் கந்தோர் திறக்கும் என்று பார்சலோடு காத்துநின்ற இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள்.

வெள்ளைத் தொட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். தொட்டி நடுவில் நின்றதால் கயிற்றைக் குறுக்கே பிடிக்க முடியாது. அதைத் தாங்குகிற தூண்களுக்கு இடையே இருந்த வெளியால் கயிற்றைக் கோத்து மறுபக்கம் விட்டேன், பெறாமகள் அங்கே பிடித்தாள். ஒரு முடிச்சைச் சொரசொரப்பு முடிந்து மினுக்கம் தொடங்குகிற கோட்டில் வைத்தேன்.

"உன்ரை முடிச்சு எங்கை நிக்குது?"

"கொஞ்சம் பொறுங்கோ..."

"எங்கையடி?"

"பெரியம்மா! கோட்டிலை! சரியாக் கோட்டிலை!"

மனுசியும் குனிந்து பார்த்தா. விரலால் ஒருதரம் மினுக்கத்தைத் தடவினா, ஒருதரம் சொரசொரப்பைத் தடவினா. எத்தனை வருடமாக இந்தத் திறப்பைக் கையில் வைத்திருக்கிறேன், இதை நான் ஒருநாளும் காணவில்லையே என்று சொன்னாவாம். சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தா. பார்சலோடு வந்த ஆள் கை தட்டினார், கோயில் முழுக்க எதிரொலித்தது. எனக்கு வெட்கத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் லொறி ஹோர்ன் அடித்தது. பத்து மணிக்கென்று சொன்னவன் ஒன்பதுக்கே வந்துவிட்டான்.

ஓடினோம். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். லொறியின் பெரிய வயிறு கலவையோடு சுற்றிக்கொண்டிருந்தது. மருமகனும் அதே நேரம் வந்து இறங்கியிருந்தார்.

"கடை ஏன் பூட்டிக் கிடக்கு? இவ்வளவு சனம் ஏன்?"

"பெரியம்மா அவவோடை கதைச்சவ" என்று திறப்பு மனுசியைக் காட்டினாள் பெறாமகள்.

"ஆர்? மாமியோ? ஆரோடை?"

"அவவோடை. கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினவ."

அவருக்குக் கல்லைவிட அதுதான் பெரிய அதிசயமாக இருந்தது. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். லொறிக்காரன் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினான். கலவை காத்திருக்காது. லொறியோடு வந்த இரண்டு வேலையாட்கள் பெரிய சுத்தியலோடு வளவுப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள்.

எனக்கு எங்கிருந்து சத்தம் வந்ததோ தெரியாது. "தம்பி! அதிலை ஒரு அடி விழுந்தால் நான் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தூக்க மாட்டன். இண்டைக்கே றெயில் ஏறுவன்."

வேலையாட்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரியாதவர்களுக்கும் விளங்கியிருக்கும். மருமகன் தலையைச் சொறிந்தார். கல்லிருக்கிற பக்கம் பார்த்தார், லொறியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவள் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"சரி, சரி" என்றார். "கல்லு இந்த வளவிலை இல்லையெண்டால் இஞ்சை ஒருத்தனுக்கும் கயிறு கட்ட வேலையில்லை. தூக்கிக் கோயிலுக்குள்ளை வைப்பம். கெதியா!"

மனுசி குருவானவருக்குப் போன் எடுத்தா. ஆறு கோயிலைப் பார்க்கிற குருவானவர், அவவும் ஒரு பெண். முதலில் தெரிந்தபோது எனக்குப் புதினமாகத்தான் இருந்தது. கதவுக்கு உள்ளே வையுங்கள், நான் வருகிறேன், தயவுசெய்து ஒருவரும் அதைத் தேய்த்துக் கழுவ வேண்டாம் என்று சொன்னா. பெறாமகள் மொழிபெயர்த்தபோது நான் கம்பித் தும்பைச் சேலைக்குள் மறைத்தேன்.

வேலையாட்கள் சுத்தியலைப் போட்டுவிட்டு மண்வெட்டி எடுத்தார்கள். சுற்றிவரத் தோண்டி, கீழே பட்டி கொடுத்து, ஆறு பேர் பிடித்தார்கள். லொறிக்காரனும் இறங்கி வந்து பிடித்தான். ஒருவர் முதுகு பிடித்துக் கத்தினார். கல் மண்ணை விட்டு மேலே வந்தது. வந்ததும் எல்லோரும் கத்தினார்கள். மண்ணுக்குள் கிடந்த பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன வளைவு வாசல்கள் செதுக்கியிருந்தது. இரண்டு வாசல்களுக்கு நடுவே வாய் திறந்த ஒரு குட்டி முகம், ஈர மண் ஒட்டினபடி. பால் பெட்டி தள்ளுகிற வண்டியில் ஏற்றித் தெருவைக் கடந்தார்கள். ஒரு கார் நின்று வழிவிட்டது. மருமகன்தான் முன்னால் நடந்து, "பாத்து, பாத்து, முகத்தை இடியாதேங்கோ" என்று தமிழிலேயே ஊராருக்குச் சொல்லிக்கொண்டு போனார்.

பதினொரு மணிக்கு வளவுக்குச் சீமெந்தும் போட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் வெள்ளைத் தொட்டியில்தான் நடந்தது. பழையதைப் பாவிக்க அனுமதி எடுக்கவேண்டும். அதோடு ஒரு தாய் இறந்த பிள்ளைக்காகக் கொடுத்ததை ஒரு நாளில் ஒதுக்கிவைக்க முடியாது என்று குருவானவர் சொன்னா. எனக்கும் அது சரியென்றே பட்டது. பிள்ளையை நான்தான் பிடித்தேன். தண்ணீர் பட்டதும் காலால் என் நெஞ்சில் உதைத்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பாடமாக்கி வைத்த இங்கிலீசில் பதில் சொன்னேன். கடைசி வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்டதாம்.

பூசை முடிந்ததும் உழுந்து விசயத்தைக் குருவானவரிடம் ஒப்புக்கொண்டேன். பெறாமகள் சொல்லச் சொல்ல அவ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தா. பன்றிக்கும் மாட்டுக்கும் தண்ணீர் வைத்த கல்லாக இருந்திருக்கும், அதற்குள் விழுந்தவற்றில் உங்கள் உழுந்துதான் சுத்தமானது என்றா. மிஞ்சின உழுந்தைத் திறப்பு மனுசியின் மெசினில் அரைத்து வடை சுட்டிருந்தோம். ஒன்றும் மிஞ்சவில்லை.

இப்போது நான் திரும்ப லா சப்பலில். போன கிழமை பெறாமகள் போன் எடுத்தாள். பழைய கட்டிடங்களைப் பார்க்கிற ஆட்கள் கல்லைப் பார்க்க வருகிறார்களாம். அது இந்தக் கோயிலின் தொட்டிதான் என்று அவர்கள் ஒத்துக்கொண்டால், வெள்ளைத் தொட்டிக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு இடம் கொடுப்பார்களாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் எங்கேயாவது ஒரு களஞ்சியத்துக்குப் போய்விடும். கண்டெடுத்த ஆள் நடந்ததை நடந்தபடி எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கண்டெடுத்த ஆள் என்றால் நான்! அதனால்தான் ஐந்தாம் வகுப்பு எழுத்தில் இவ்வளவும் எழுதினேன். பெறாமகள் இங்கிலீசில் மாற்றுவாள்.

ஆனால் என் ஞாபகத்தை நம்பி அனுப்பப் பயமாக இருக்கிறது. கயிற்றை நான் முதலில் பிடித்தது கதவுப் பக்கமா, பீடப் பக்கமா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. வளவில் கிடந்தபோது முகம் செதுக்கின பக்கம் கிழக்கே பார்த்ததா, மேற்கே பார்த்ததா என்பதையும் மறந்துவிட்டேன். கோயில் சரித்திரத் தாளை நான் காதால் கேட்டதுதான், கண்ணால் வாசித்ததில்லை. ஈயம், இரும்பு, பூட்டு இவை பற்றி நன்றாகத் தெரிந்த யாராவது இதை வாசித்து, பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள். கயிறு முடிச்சோடு அப்படியே திறப்பு மனுசியிடம் இருக்கிறது. அதையும் மேடையையும் யாராவது இன்னொரு தரம் அளந்து பாருங்கள்.